கத்தி எங்கிருந்து வந்தது?

இங்கிலாந்தில் 1965-இல் கொலைக்குத் தூக்கு நின்றது. கட்டாய ஆயுள் தண்டனை வந்தது. ஆயுள் கைதி விடுதலை கோரக் குறைந்தது எத்தனை ஆண்டுகள் சிறையில் கழிக்க வேண்டும் என்பதற்கு 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தொடக்க அளவுகளை வகுத்தது. வயதுவந்தோர் செய்யும் பெரும்பாலான கொலைகளுக்கு 15 ஆண்டுகள். தெருவில் இளைஞர்கள் கத்திக்குத்தில் இறந்ததை ஒட்டி 2010-இல் ஒரு மாற்றம் வந்தது: ஆயுதத்தை உடன் எடுத்துச் சென்று கொன்றால் 25.

அடுக்களைக் கத்தியை எங்கிருந்தும் எடுத்து வர வேண்டாம். அதனால் மனைவியை வீட்டில் குத்திக் கொன்றவனுக்குக் கணக்கு 15-இல் தொடங்கியது. மகள்களைப் பறிகொடுத்த தாய்மார்கள் கேட்டார்கள்: வீட்டுக்குள் போன உயிர் மலிவா?

நியாயமான கேள்வி. ஆனால் எல்லாருக்கும் 25 என்பது விடையாகுமா? ஆண் வெறுங்கையால் கழுத்தை நெரிக்க முடியும். பெண் பெரும்பாலும் ஆயுதத்தைத்தான் எடுக்கிறாள். நெடுங்காலம் தன்னை அடக்கியாண்ட கணவனை சாலி சாலன் 2010-இல் சுத்தியலால் அடித்துக் கொன்றார். குறைந்தது 22 ஆண்டுகள் என்றது நீதிமன்றம். மேல்முறையீட்டில் அது 18 ஆனது. 2019-இல்தான் கொலைத் தீர்ப்பு ரத்தாகி, குறைந்த குற்றத்தின் பேரில் வெளியே வந்தார்.

அவருக்காக வாதாடிய கிளேர் வேட், வீட்டுக் கொலைகளுக்கான தண்டனைகளை ஆராய்ந்து எழுதிய அறிக்கை 2023-இல் வெளியானது. பிறகு சட்டம் மாறியது: அடக்கியாண்டவன் கொன்றால் அது தண்டனையைக் கூட்டும் காரணம், அடக்கியாளப்பட்டவள் கொன்றால் குறைக்கும் காரணம்.

ஆண்டுகளைக் கூட்டுவதா என்பதோடு நம் கேள்வி முடியக் கூடாது. கத்தி வந்த வழியைக் கேட்ட சட்டம், அந்த வீட்டில் அதற்கு முன் நடந்ததையும் கேட்க வேண்டும்.