சின்ன ஆர், பெரிய ஆர்

2004ஆம் வருடம், மார்கழி. சென்னையில் ஒரு நிறுவனத்தின் சர்வர் அறையை ஒட்டி இருந்த சின்ன அறையில் நைட் ஷிஃப்ட் முடியப்போகிற நேரம். கறுப்புத் திரையில் & என்ற குறி என் கட்டளைக்காகக் காத்திருந்தது. நான் 'ஆர்' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினேன். மூன்று சின்ன வாக்கியம் எழுதினேன். அடுத்த வரியில் ஒரு புள்ளி மட்டும் வைத்து என்டர் அடித்தேன். அந்த மெயில் நிரலில் புள்ளி என்றால் 'முடிந்தது, அனுப்பு' என்று அர்த்தம். அதற்குப் பிறகு கடவுளே வந்தாலும் திரும்பக் கூப்பிட முடியாது.

என்ன எழுதினேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். தப்பு என்னுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஒற்றை எழுத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. பல வருடம் கழித்து, கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடும் நிறைய ஆர்வத்தோடும் அதைத் தேடிப் படித்தேன்.

மின்னஞ்சல் பிறந்த அன்றே 'பதில்' வசதியும் கூடப் பிறந்திருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். கடிதம் என்று ஒன்று இருந்தால் பதில் என்று ஒன்று இருக்குமே! ஆனால் அப்படி நடக்கவில்லை. மெயில் வந்து பத்து வருடம் கழித்துத்தான் பதிலுக்கென்று ஒரு கட்டளை வந்தது.

1965இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஒரே பெரிய ஐபிஎம் கணினியைப் பல பேர் தனித்தனி டெர்மினல்களில் உட்கார்ந்து பங்குபோட்டுக்கொண்டிருந்தார்கள். சிடிஎஸ்எஸ் என்று அந்த அமைப்புக்குப் பெயர். ஒருவர் வேலையை முடித்துவிட்டுப் போன பிறகு இன்னொருவர் வருவார். அவருக்குச் சேதி சொல்ல வேண்டுமென்றால், பொதுவான இடத்தில் 'டாமுக்கு' என்கிற மாதிரி பெயர் வைத்து ஒரு கோப்பை விட்டுவிட்டுப் போவார்கள். வீட்டுச் சாவியை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போவது மாதிரிதான். டாம் வான் விளெக், நோயல் மோரிஸ் என்ற இரண்டு இளைஞர்கள் இதற்காக 'மெயில்' என்ற கட்டளையை எழுதினார்கள். கடிதத்தை முதலில் ஒரு கோப்பாகத் தட்டி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு மெயில் என்று கட்டளை கொடுத்து, கோப்பின் பெயரையும் பெறுபவரின் திட்ட எண்ணையும் நிரலர் எண்ணையும் தட்ட வேண்டும். விலாசம் என்பதே இரண்டு எண்தான். வந்த கடிதத்துக்குப் பதில் போட நினைத்தால், மறுபடியும் முதலிலிருந்து புதுக் கடிதம்தான்.

1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு மெயில் அனுப்பிய கதை எல்லோருக்கும் தெரியும். @ குறி அங்கிருந்து வந்தது. இரண்டு கணினியும் ஒரே அறையில் பக்கத்து பக்கத்தில் நின்றிருந்தன. முதல் சேதியில் என்ன எழுதினார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. இதை எழுதாத பத்திரிகை இல்லை என்பதால் நான் தாண்டிப்போகிறேன்.

அடுத்து நடந்ததை யாரும் அவ்வளவாக எழுதுவதில்லை. டாம்லின்சனின் காலத்தில் மெயில் படிப்பதற்கு 'ரீட்மெயில்' என்று ஒரு நிரல் இருந்தது. அதைக் கூப்பிட்டால் பெட்டியில் இருக்கிற அத்தனை கடிதத்தையும் முதலிலிருந்து கடைசி வரை மூச்சு விடாமல் கொட்டும். டெலிடைப்பில் உட்கார்ந்திருந்தால் எல்லாம் காகிதத்தில் அச்சாகி அருவி மாதிரி விழும். நடுவில் உள்ள ஒரு கடிதத்தை மட்டும் எடுக்க வழியில்லை. ஆர்ப்பாவின் இயக்குநராக இருந்த ஸ்டீபன் லூகாசிக் மெயில் பைத்தியம். போகிற இடத்துக்கெல்லாம் ஒரு டெர்மினலைத் தூக்கிக்கொண்டு போவார். 'இத்தனை கடிதத்தை நான் எப்படிச் சமாளிப்பது?' என்று அவர் அலுத்துக்கொள்ள, அவருக்குக் கீழே வேலை பார்த்த லாரி ராபர்ட்ஸ் 1972இல் 'ஆர்டி' என்று ஒரு சின்ன நிரல் எழுதிக் கொடுத்தார். கடிதங்களைப் பட்டியல் போடும். வேண்டியதை மட்டும் படிக்கலாம், வேண்டாததை அழிக்கலாம். அதை இன்னொருவர் திருத்தி எழுதினார், அதையும் வேறொருவர் திருத்தினார். அந்த வரிசையில் வந்த ஒன்றின் பெயர் 'பனானார்டி'. வாழைப்பழத்துக்கும் மெயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள்.

இவை பெரும்பாலும் படிப்பதற்கான கருவிகள். எழுதுவதற்கு வேறு நிரல் இருந்தது. பதில் எழுத வேண்டுமென்றால் வந்த கடிதத்தின் விலாசத்தைப் பார்த்து, மனதில் வைத்துக்கொண்டோ துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டோ, அந்த நிரலில் மறுபடி தட்ட வேண்டும். நகல் பெற்றவர்கள் ஆறு பேர் என்றால் ஆறு விலாசம். ஓர் எழுத்து தப்பினால் போய்ச் சேராது. இன்லண்ட் லெட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் அனுப்புநர் முகவரியைப் பார்த்துப் பார்த்து எழுதினோமே, அதே வேலைதான்.

1975இல் ஜான் விட்டல் வந்தார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், மரினா டெல் ரேயில் உள்ள ஐஎஸ்ஐ ஆய்வு நிறுவனத்தில் வேலை. யாரும் கேட்காமல், யாரும் காசு கொடுக்காமல், சொந்த நேரத்தில் 'எம்எஸ்ஜி' என்று ஒரு நிரலை எழுதினார். படிப்பது, வேறொருவருக்குத் தள்ளிவிடுவது, அடுக்கி வைப்பது எல்லாம் அதில் உண்டு. கூடவே ஒரு புதுக் கட்டளையும் இருந்தது: 'ஆன்சர்'. அதைத் தட்டினால், வந்த கடிதத்தின் தலைப்பகுதியை நிரலே பிரித்துப் படித்து, யார் அனுப்பினார்கள் என்று கண்டுபிடித்து, விலாசத்தை அதுவே நிரப்பிக்கொள்ளும். நாம் சேதியை மட்டும் எழுதினால் போதும்.

இன்றைக்கு இது ஒரு பெரிய விஷயமாகவே தெரியாது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அதுவரை 'யாருக்கு' என்ற கேள்விக்கு மனிதன் விரலால் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு பெயராகத் தட்டும்போது அந்த ஆளின் முகம் ஒரு வினாடியாவது வந்து போகும். 'இவருக்கு இது தெரியணுமா?' என்ற சந்தேகமும் வரும். விட்டலின் கட்டளை அந்த அலுப்பை ஒழித்தது. அலுப்போடு சேர்ந்து அந்த ஒரு வினாடியும் போனது. எம்எஸ்ஜி பரவியதற்குக் காரணமே இந்தக் கட்டளைதான். அதுவரை தனித்தனி அறிவிப்புகளாக இருந்த மெயில், கேள்வி பதில், கேள்வி பதில் என்று பேச்சாக ஓட ஆரம்பித்தது.

இன்னொரு சங்கதியும் எனக்குப் பிடிக்கும். எந்தக் கடிதத்துக்கு இது பதில் என்று சொல்லும் வரி ஒன்று மெயிலின் தலைப்பகுதியில் உண்டு. அதை 1977இல் வந்த ஆர்எஃப்சி 733 என்ற ஆவணம் முறைப்படுத்தியது; எழுதிய நால்வரில் விட்டலும் ஒருவர். இதற்கு முன் 1973இல் தலைப்பகுதிக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவரப் பார்த்த ஆவணத்தில் அபய் பூஷண் பெயரும் இருக்கிறது. அலகாபாத்தில் பிறந்து, ஐஐடி கான்பூரின் முதல் பேட்ச்சில் படித்துவிட்டு எம்ஐடிக்குப் போனவர். இன்றைக்கு அந்தப் பதில் வரியில் கோணல்மாணலாக ஓர் அடையாள எண் இருக்கும். அந்தக் காலத்தில் பல நிரல்கள் அதில் 'தங்களுடைய இந்தத் தேதியிட்ட சேதி' என்று மனிதர் பேசுகிற மாதிரியே எழுதிவைக்கும். நம்மூர் அரசு அலுவலகக் கடிதம் பார்த்தவர்களுக்கு உடனே புரியும். மேலே 'பொருள்' என்று ஒரு வரி, அதற்குக் கீழே 'பார்வை: தங்கள் கடிதம், நாள்' என்று இன்னொரு வரி. தாலுகா ஆபீஸ் கிளார்க்குக்குத் தெரிந்ததைத்தான் இவர்கள் கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

இனி என் விரல் தட்டிய எழுத்துக்கு வருகிறேன். 1978இல் பெர்க்லியில் கர்ட் ஷோன்ஸ் யூனிக்ஸுக்கு ஒரு மெயில் நிரல் எழுதினார். ஏற்கெனவே யூனிக்ஸில் சின்ன எம் போட்ட மெயில் ஒன்று இருந்தது. இவருடையதுக்குப் பெரிய எம். யூனிக்ஸில் சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு வேறு ஆட்கள். அதே தர்க்கம் நிரலுக்கு உள்ளேயும் உண்டு. சின்ன ஆர் தட்டினால், அனுப்பியவருக்கும் அந்தக் கடிதம் கிடைத்த அத்தனை பேருக்கும் பதில் போகும். பெரிய ஆர் தட்டினால், அனுப்பியவருக்கு மட்டும். கையேட்டிலேயே அந்தப் பெரிய ஆரைக் கவனிக்கும்படி ஒரு குறிப்பு இருக்கிறது.

ஷிஃப்ட் விசையை அழுத்தினால் ரகசியம், அழுத்தாவிட்டால் ஊர் அறிய. சுலபமாகக் கைக்கு வருவது ஊருக்கும், கொஞ்சம் முயற்சி எடுப்பது ஒருவருக்கும். ஏன் அப்படி வைத்தார்கள்? என் ஊகம் இது: ஒரு துறை முழுக்க ஒரே கணினியில் உட்கார்ந்திருந்த காலம். எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். பேச்சு என்றாலே அவர்களுக்குக் கூடிப் பேசுவதுதானே. ஆனால் இது சரிப்பட்டு வராது என்று அப்போதே சிலருக்குத் தோன்றியிருக்கிறது போல. சின்ன ஆரையும் பெரிய ஆரையும் இடம் மாற்றிப் போட்டுக்கொள்ள ஓர் அமைப்பையும் அந்த நிரலிலேயே வைத்தார்கள். 'செட் ரிப்ளைஆல்' என்று தன் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதும், இரண்டும் தலைகீழாகிவிடும். ஆக, ஒருவர் வீட்டில் ரகசியமாக இருக்கிற எழுத்து, பக்கத்து மேஜையில் பகிரங்கம்.

விட்டலுக்குப் பின் வந்த மெயில் நிரல்களை வரிசையாகப் பார்க்கும்போது, தொலைந்துபோன அந்த ஒரு வினாடியைத் திரும்பக் கொண்டுவர ஆளுக்கு ஒரு வழியில் முயன்றதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. ராண்ட் நிறுவனத்தில் 1979இல் எழுதப்பட்ட எம்எச் ஒவ்வொரு கடிதத்தையும் தனிக் கோப்பாக வைக்கும். பதில் எழுதி முடித்ததும் உடனே அனுப்பாது. 'இப்போ என்ன?' என்று கேட்டுவிட்டு நிற்கும். அனுப்பு என்று நாம் சொன்னால்தான் போகும். 1995இல் வந்த மட் நிரலில் எழுத்தையே மாற்றிவிட்டார்கள். ஒருவருக்கு ஆர், எல்லோருக்கும் ஜி. ஜிமெயில் 2009இல் அனுப்பிய சில வினாடிக்குள் திரும்ப எடுக்கிற வசதியைக் கொடுத்தது. இத்தனைக்கும் பிறகு, 2016 நவம்பரில் பிரிட்டனின் தேசிய சுகாதாரச் சேவையில் ஒரு சோதனை மெயில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களுக்குத் தவறிப்போய்ச் சேர்ந்தது. 'என்னை ஏன் இதில் சேர்த்தீர்கள்?' என்று அவர்களில் பலர் எல்லோருக்கும் பதில் போட்டு மொத்த அமைப்பையும் திணறடித்தார்கள்.

நான் பழகியது பைன். 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் இந்தியாவில் இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, மாணவர்களுக்குக் கிடைத்தது ஷெல் கணக்கு. படம் கிடையாது, மவுஸ் கிடையாது, வெறும் எழுத்து. மோடம் கத்தி முடிந்ததும் பைனுக்குள் போவோம். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரல் அது. தமிழ் எழுத்து வராது என்பதால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவோம். ழவுக்கு என்ன போடுவது என்று ஆளுக்கொரு கட்சி. பதில் விசையைத் தட்டினால் பைன் கேட்கும்: 'எல்லோருக்கும் அனுப்பவா?' ஆமாம், இல்லை என்று சொன்ன பிறகுதான் நகரும். கேட்கும் என்று ஏழெட்டு வருடம் பழகிய விரல் என்னுடையது.

வேலைக்குச் சேர்ந்த இடத்தில், சர்வருக்குள் இருந்தது ஷோன்ஸ் வம்சத்து மெயில். அது கேட்காது.

அன்று ராத்திரி பத்து மணிக்கு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. பழைய பேக்கப்புகளை அழிக்கப்போய், தப்பான டைரக்டரியை அழித்துவிட்டேன். அழித்தது எனக்கு உடனே தெரியும். சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு ஷிஃப்டுக்கு வந்த புதுப் பையன்தான் கோப்புகள் காணவில்லை என்று முதலில் கண்டுபிடித்து மேலாளரை எழுப்பினான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கண்டுபிடித்தவனையே சந்தேகப்பட்டார்கள். விடியும்போது நண்பன் ஒருவன் குழு முழுக்க ஒரு மெயில் போட்டிருந்தான். டூட்டியில் அந்தப் பையன்தான் இருந்தான், பாவம், வேலை போய்விடும்போல என்று.

நான் நண்பனுக்கு மட்டும் பதில் எழுதினேன். அப்படித்தான் நினைத்தேன். 'அவன் இல்ல. நான்தான். பத்து மணிக்கே தப்பான டைரக்டரிய அழிச்சிட்டேன்.' அவ்வளவுதான். 'யார்கிட்டயும் சொல்லிடாதடா' என்று நாலாவதாக ஒரு வாக்கியம் மனதில் இருந்தது. அவன் எட்டு மணிக்கு வந்துவிடுவானே, நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எழுதாமல் விட்டேன். விலாச வரியைத் திரை காட்டத்தான் செய்தது. நண்பன் பெயர் முதலில் இருந்தது. அதற்குப் பிறகு ஒரு காற்புள்ளி, அதற்கு அடுத்து குழுவின் பெயர். என் கண் காற்புள்ளியிலேயே நின்றுவிட்டது.

பத்து நிமிடத்தில் மேலாளர் போன் செய்தார். அது நல்ல உரையாடல் இல்லை, விவரம் வேண்டாம். ஒரு சம்பள உயர்வு போனது, வேலை தப்பியது.

எட்டரை மணிக்கு அந்தப் பையன் என் இடத்துக்கு வந்தான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "அண்ணா, டீ சாப்பிடப் போலாமா?" என்றான். தெருமுனைக் கடையில் இரண்டு டீ சொல்லிவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றான். பிறகு, "எல்லாரும் பாக்கற மாதிரி போட்டீங்கல்ல அண்ணா. மேனேஜருக்கு மட்டும் சொல்லியிருந்தாக்கூட எனக்குப் போதும். யாருண்ணா இப்படிப் பண்ணுவாங்க?" என்றான்.

டீ கொதிக்கக் கொதிக்க இருந்தது. நான் கண்ணாடி டம்ளரை இரண்டு கையிலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு, "அது என் கடமைதானேப்பா" என்றேன்.

இப்போது அவன் வேறு நாட்டில் பெரிய வேலையில் இருக்கிறான். பொங்கலுக்குத் தவறாமல் மெயில் போடுவான். தன்னிடம் புதிதாகச் சேருகிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்வதாகப் போன வருடம் எழுதியிருந்தான். நான் இன்னும் டெர்மினலில்தான் மெயில் படிக்கிறேன். 'செட் ரிப்ளைஆல்' என்ற வரி என் கோப்பில் இருபது வருடமாக இருக்கிறது. அவனுக்குப் பதில் எழுதினேன், விலாச வரியை இரண்டு முறை பார்த்துவிட்டு. அந்த விஷயத்தை மட்டும் எழுதவில்லை.