சொல்லும் இசையும்: ஐரோப்பியப் புனைவியற்கால இசை பற்றிய ஓர் ஆராய்ச்சி

முன்னுரை

ஐரோப்பிய இசை வரலாற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியைப் புனைவியற் காலம் என வழங்குவர். இலக்கியத்தில் எழுந்த ரொமாண்டிக் இயக்கத்தின் பெயரே இசைக்கும் ஏற்றி உரைக்கப்பட்டது. உணர்ச்சிப் பெருக்கு, இயற்கை ஈடுபாடு, பழங்கதைகளில் வேட்கை, தனிமையுணர்வு ஆகியவற்றை அக்காலத்து இசையின் இலக்கணமாகப் பாடநூல்கள் தொகுத்துக் கூறும். இவை பிழையல்ல, ஆயினும் போதியனவும் அல்ல. உணர்ச்சி எல்லாக் காலத்து இசைக்கும் பொதுவாகலின், அது கொண்டு ஒரு காலத்தை ஏனைக் காலங்களினின்று பிரித்தறிதல் அரிது.

அக்காலத்தில் புதியனவாகத் தோன்றியும் புதுப்பொலிவு பெற்றும் விளங்கிய வடிவங்கள் பல. லீட் எனப்படும் ஜெர்மானியத் தனிப்பாட்டு, பியானோவுக்கென எழுந்த சிறு படைப்புகள், கதைக்குறிப்பு உடைய சிம்பொனி, சிம்பொனிக் கவிதை, வாக்னரின் இசைநாடகம் ஆகிய இவற்றை ஒருங்கு வைத்து நோக்கின், அனைத்தும் ஒரே வினாவுக்கு இறுக்கப்பட்ட வெவ்வேறு விடைகளாகத் தோன்றுகின்றன. இசை தானே நின்று பொருள் உணர்த்த வல்லதோ, அன்றிச் சொல்லின் துணையை வேண்டி நிற்பதோ என்பதே அவ்வினா. சொல் எப்பொழுது எழுந்தது, இசை எப்பொழுது எழுந்தது எனும் காலமுறையையே முதன்மைச் சான்றாகக் கொண்டு இதனை யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1. வினா எழுந்த வகை

சொல்லில்லாத கருவியிசையை மிடற்றிசைக்குத் தாழ்ந்ததாகக் கருதியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பலர். மெய்யியலறிஞர் கான்ட் 1790-இல் வெளியிட்ட தம் நூலில், எப்பொருளையும் சுட்டாத தனியழகுக்குச் சுவர்த்தாளின் இலைக்கோலத்தையும் சொல்லில்லாத இசையையும் ஒருங்கே எடுத்துக்காட்டினார். இருபதாண்டுகளே கழிந்தன. 1810-இல் லைப்சிக் நகரத்து இசையிதழ் ஒன்றில் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைத் திறனாய்ந்த ஹோஃப்மன், கலைகள் அனைத்தினும் புனைவியல் தன்மை மிக்கது இசையே என்றும், அதனுள்ளும் சொற்கலப்பற்ற கருவியிசையே தலையாயது என்றும் நிறுவ முயன்றார். தாழ்வுக்குக் காரணமாகக் கூறப்பட்ட சொல்லின்மையே உயர்வுக்குக் காரணமாயிற்று. இம்மாற்றமே புனைவியற் காலத்தின் தோற்றுவாய் எனலாம்.

ஆயின், பீத்தோவனே 1824-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள் வியன்னாவில் அரங்கேறிய தம் ஒன்பதாம் சிம்பொனியின் இறுதிப் பகுதியில், ஷில்லரின் பாடலை மாந்தர் குரலில் பாடுமாறு அமைத்தார். கருவியிசையின் முடிசூடா மன்னர் எனப் போற்றப்பட்டவர் இறுதியிற் சொல்லை நாடியது ஏன்? பின்வந்தோர் இருவேறு அணியாகப் பிரிந்தமைக்கு இவ்வொரு படைப்பே போதிய காரணமாயிற்று.

2. சொல் முந்திய வடிவம்

கவிதை முன்னும் இசை பின்னுமாக எழுந்த வடிவம் லீட். 1797-இல் தோன்றி 1828-இல் மறைந்த ஷூபர்ட், அறுநூற்றுக்கு மேற்பட்ட இத்தகைய பாட்டுகளை இயற்றினார். 1814 அக்டோபரில், தம் பதினேழாம் அகவையில், கதேயின் ஃபௌஸ்ட் நாடகத்து நூல் நூற்கும் நங்கை கூற்றுக்கு அவர் இசையமைத்தார். பியானோவின் வலக்கை ஓயாது சுழலும் இராட்டினத்தைக் காட்டுகின்றது. காதலனின் முத்தத்தை அவள் நினைக்குமிடத்து அச்சுழற்சி அற்று நிற்கின்றது. பின்னர்த் தயங்கித் தயங்கி மீளத் தொடங்குகின்றது. இராட்டினம் நின்றதெனக் கவிதையில் ஒரு சொல்லும் இல்லை. அவள் தன்னை மறந்தாள் என்பதைச் சொல் கூறாதுவிட, இசை கூறுகின்றது.

1815-இல் எழுந்து 1821-இல் ஷூபர்ட்டின் முதலாம் எண்ணுடைய வெளியீடாக அச்சேறிய ஏர்ல்கோனிக் எனும் பாட்டு இன்னும் தெளிவான சான்று. கதேயின் இக்கவிதையில் கதை கூறுவோன், தந்தை, மகன், பேயரசன் என நால்வர் கூற்று உண்டு. நால்வரையும் பாடகர் ஒருவரே பாடுதல் வேண்டும். நோயுற்ற மகனை அணைத்துக்கொண்டு இரவிற் குதிரையேறி விரையும் தந்தையின் வேகம் பியானோவின் ஓயாத அடிப்பில் ஒலிக்கின்றது. மகன் தந்தையை விளித்துக் கதறுந்தோறும் சுரம் மேன்மேல் ஏறுகின்றது. பேயரசன் மொழியோ இனிய மெட்டில் வந்து மருட்டுகின்றது. ஈற்றில் குதிரையின் ஒலி அடங்கிய பின்னரே, பேச்சுப் போன்ற இசையில், மகன் இறந்தமை கூறப்படுகின்றது.

கவிதையின் எல்லாப் பகுதிகட்கும் ஒரே எளிய மெட்டு அமைதலையே கதே விரும்பினார். 1782-இல் இக்கவிதை நாடகம் ஒன்றில் முதன்முதற் பாடப்பட்ட போதும் அவ்வாறே அமைந்தது. ஷூபர்ட்டின் பாட்டுகள் 1816-இல் அவருக்கு விடுக்கப்பட்டபோது மறுமொழியின்றித் திரும்பின. இசை சொல்லுக்கு ஏவல் செய்யும் அளவில் நிற்றல் வேண்டும் என்பது புலவர் கருத்து; சொல்லின் உள்ளே புகுந்து அது கூறாததையும் கூறல் வேண்டும் என்பது இசைவாணர் செயல்.

1840-இல் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகள் இயற்றிய ஷூமன் மேலும் ஓரடி சென்றார். ஹைனேயின் கவிதைகளுக்கு அவர் அமைத்த பதினாறு பாட்டுகள் கொண்ட தொகுதியின் முடிவில், பாடுவோன் குரல் ஓய்ந்தபின் பியானோ தனித்து நெடிது ஒலிக்கின்றது. காதலையும் கனவையும் கடலில் அமிழ்த்திவிட்டதாகச் சொல் முடிக்க, அவற்றைத் துறக்க இயலாத நெஞ்சைப் பியானோ காட்டுகின்றது.

3. சொல் பிந்திய வடிவம்

1830 டிசம்பர் 5-ஆம் நாள் பாரிஸில் அரங்கேறிய பெர்லியோஸின் ஃபன்டாஸ்டிக் சிம்பொனியைக் கதைக்குறிப்பு உடைய இசைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டாகக் கூறுவர். காதலில் தோல்வியுற்ற கலைஞன் ஒருவன் அபின் உண்டு காணும் கனவுகளே அதன் ஐந்து பகுதிகள் என அவையோர்க்கு வழங்கிய தாள் விளக்கிற்று. காதலியைக் குறிக்கும் மெட்டு ஒன்று நிலையெண்ணமாக ஐந்து பகுதிகளிலும் வருகின்றது. விருந்துக் கூட்டத்தில் நடனத்தினிடையே தோன்றும் அது, கொலைக்களத்தில் வாள் வீழுமுன் ஒருகணம் ஒலித்து அறுபடுகின்றது; இறுதிப் பகுதியில் சூனியக்காரியரின் ஆட்டத்திடையே இழிந்த கூத்து மெட்டாகத் திரிகின்றது.

கதையினின்றே இசை பிறந்தது என்று இதனைக் கேட்போர் கருதுதல் இயல்பு. காலமுறையோ வேறாகக் காட்டுகின்றது. காதலியின் மெட்டு, 1828-இல் ஒரு பரிசுப் போட்டிக்கென அவர் எழுதிய எர்மினி எனும் பாட்டில் முன்னரே உள்ளது. ஆண்டு அது குறித்தது டாஸோவின் காப்பியத் தலைவி ஒருத்தியின் துயரை. கொலைக்களப் பயணத்துக்குரிய நடையிசை, முற்றுப்பெறாத ஓர் ஓபராவில் காவலர் அணிவகுப்புக்கென எழுதப்பட்டது. 1824-இல் அவர் இயற்றிய திருப்பலி இசை அழிந்துபோயிற்றென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1991-இல் அதன் கையெழுத்துப்படி ஆன்ட்வெர்ப் நகரில் கண்டெடுக்கப்பட்டபோது, வயல்வெளிக் காட்சியின் மெட்டும் ஆண்டுக் காணப்பட்டது. இறைவனுக்கு நன்றி கூறப் பிறந்த மெட்டு, பின்னர்க் காதலனின் தனிமைக்கு உரியதாயிற்று. 1855-இல் வெளியிட்ட குறிப்பிலோ, சிம்பொனி தனித்து இசைக்கப்படுங்கால் பகுதிகளின் தலைப்புகளே அமையும், கதைத்தாள் வேண்டா எனப் பெர்லியோஸே இசைந்தார்.

லிஸ்ட்டின் செய்தியும் இத்தகையதே. 1848 முதல் வைமார் நகரில் தங்கிப் பத்தாண்டுகளில் பன்னிரண்டு சிம்பொனிக் கவிதைகளை அவர் உருவாக்கினார். ஒரே பகுதியாக அமைந்து, இலக்கியமோ ஓவியமோ தந்த கருத்தைத் தழுவிச் செல்வது அவ்வடிவம். அவற்றுட் புகழ்மிக்க லே பிரெலூத் 1854-இல் லாமார்த்தீனின் கவிதைப் பெயரோடு அரங்கேறிற்று. அதன் மெட்டுகள் பலவோ, ஒத்ரான் எனும் வேறொரு புலவரின் பாடல்களுக்கு 1844-45-இல் லிஸ்ட் அமைத்த கூட்டிசையில் தோன்றியவை. மண், காற்று, அலை, விண்மீன் பற்றிய பாடல்களுக்குரிய இசை, மனித வாழ்வு பற்றிய கவிதைக்கும் பொருந்திற்று.

பியானோச் சிறு படைப்புகளிலும் இந்நிலையைக் காணலாம். 1838-இல் எழுந்த குழந்தைப்பருவக் காட்சிகளுக்குத் தலைப்புகளை இசை முடிந்த பின்னரே இட்டதாக ஷூமன் எழுதினார். சொல்லில்லாப் பாட்டுகள் எனும் பெயரில் தொகுதிகள் பல வெளியிட்ட மெண்டெல்சோன், அவற்றின் பொருளை வினவிய ஒருவருக்கு 1842-இல் விடை எழுதுங்கால், இசை உணர்த்தும் கருத்து சொல்லுக்கு எட்டாதது தெளிவின்மையால் அன்று, மிகு தெளிவினாலே என்றார். ஷோபான் தம் பாலாடுகளுக்குக் கதை யாதும் எழுதி வைத்திலர்.

4. கொள்கைப் போர்

செயல் இங்ஙனமாகக் கொள்கைநூல்கள் எதிரெதிர் நின்றன. வாக்னர் 1851-இல் எழுதிமுடித்த ஓபராவும் நாடகமும் எனும் நூலில், கருவியாக இருத்தற்குரிய இசையைக் குறிக்கோளாக்கியதும், குறிக்கோளாகிய நாடகத்தைக் கருவியாக்கியதும் ஓபராவின் பிழை என்றார். ஒன்பதாம் சிம்பொனியில் சொல் நுழைந்தமை, தனித்த கருவியிசை தன் எல்லையை எட்டியமைக்குச் சான்று என்பது அவர் துணிபு. 1854-இல் ஹான்ஸ்லிக் வெளியிட்ட இசையின் அழகு பற்றிய சிறுநூல் இதற்கு நேர்மாறானது. ஒலித்து இயங்கும் வடிவங்களே இசையின் உள்ளடக்கம் என அது கூறும். மனைவியை இழந்து ஆர்ஃபியஸ் புலம்புவதாகக் குளுக் 1762-இல் அமைத்த பாட்டை அவர் எடுத்துக்காட்டி, அவளை அடைந்தேன் என மகிழும் சொற்களுக்கும் அம்மெட்டு இயையும் என்றார். ஆயினும் உணர்ச்சியின் விரைவு, தளர்வு, ஏற்றம், இறக்கம் ஆகிய இயக்கத்தை இசை காட்டவல்லது என்பதை அவரும் உடன்பட்டார். இவ்வுடன்பாடு பெரிதும் கருதத்தக்கது. இராட்டினம் நின்றதில் ஷூபர்ட் காட்டியதும் இயக்கமே.

1860-இல் பிராம்ஸ், யோவாக்கிம் முதலியோர் லிஸ்ட் அணியினர்க்கு எதிராக அறிக்கை ஒன்று வரைந்தனர். கையெழுத்துகள் முற்றச் சேருமுன்னரே, நால்வர் பெயரோடு அது வெளிப்பட்டு எள்ளலுக்கு இலக்காயிற்று. அவர்கள் எதிர்த்த இதழோ, பிராம்ஸைப் பாராட்டி உலகிற்கு அறிமுகம் செய்த ஷூமனால் 1834-இல் தொடங்கப்பெற்றது என்பது குறிப்பிடத்தக்கது.

1876-ஆம் ஆண்டு இருதிறத்தார்க்கும் நிறைவு தந்த ஆண்டு. ஆகஸ்டில் வாக்னரின் நான்கு நாடகத் தொடர் பைராய்ட் அரங்கில் முழுமையாக நடிக்கப்பெற்றது. நவம்பரில் பிராம்ஸின் முதற் சிம்பொனி கார்ல்ஸ்ரூவில் அரங்கேறிற்று. அதன் இறுதிப் பகுதியின் மெட்டு பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனிப் பாடலை நினைவூட்டும். ஆனால் அதனைப் பாடுவோர் இல்லை. பீத்தோவன் சொல்லை அழைத்த இடத்தில் பிராம்ஸ் சொல்லின்றியே முடித்தார். வாக்னரோ 1854-இல் ஷோப்பன்ஹவரைக் கற்றபின் படிப்படியாக மாறி, 1872-இல் தம் நாடகங்களைக் கண்ணுக்குப் புலனாகிய இசைச் செயல்கள் எனக் குறிக்கலானார். சொல்லின் தலைமையை வற்புறுத்தியவரே இசையின் தலைமையை ஒப்பியது ஈண்டு நோக்கத்தக்கது.

5. சொல் உள்ளுறைந்த வடிவம்

மேற்கூறிய இரண்டனுள்ளும் அடங்காத மூன்றாம் நிலை ஒன்றுண்டு. ஷூபர்ட் 1817-இல் இயற்றிய மரணமும் மங்கையும் எனும் பாட்டில் மரணத்துக்குரிய இசை, 1824-இல் நான்கு நரம்பிசைக் கருவிகளுக்கென அவர் எழுதிய படைப்பின் இரண்டாம் பகுதிக்கு அடிப்படையாயிற்று. அஞ்சற்க எனத் தேற்றும் மரணத்தின் சொற்கள் ஆண்டு இல்லை. பாட்டை அறிந்தோர் செவியில் அவை நிழலாடும். பிராம்ஸ் 1879-இல் முடித்த வயலின் சொனாட்டாவின் ஈற்றுப் பகுதி, குழந்தைப்பருவ நினைவைக் கூறும் தம் மழைப்பாட்டின் மெட்டோடு தொடங்குகின்றது. தனியிசையின் காவலராகக் கருதப்பட்டவர் படைப்பிலும் கவிதை இங்ஙனம் உறைந்து நின்றது.

மாலரின் முதற் சிம்பொனி 1889-இல் புடபெஸ்டில் சிம்பொனிக் கவிதை எனும் பெயரில் அரங்கேறிற்று. 1893-இல் ஹாம்பர்கில் விரிந்த தலைப்புகளைப் பெற்றது; 1896-இல் பெர்லினில் அவையனைத்தும் நீக்கப்பெற்றுச் சிம்பொனி எனும் பெயரளவில் நின்றது. ஏழாண்டுகளில் சொல் வந்தது, வளர்ந்தது, அகன்றது. ஆயினும் முதற்பகுதியில், மாலர் தாமே எழுதி இசையமைத்த வழிநடைப் பாட்டின் மெட்டு நிலைபெற்றது. வெளியே ஒட்டிய சொல் உதிர, உள்ளே உறைந்த சொல் நின்றது என்க.

முடிவுரை

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன இரண்டு. முதலாவது: கதைக்குறிப்பு உடைய இசை, தனியிசை என இரு வேலிகளாகப் புனைவியற்கால இசையைப் பிரித்தல் கொள்கைநூல்களுக்குப் பொருந்தும், படைப்புகளுக்குப் பொருந்தாது. சொல் முந்தியும் பிந்தியும் உள்ளுறைந்தும் நிற்கும் மூவகை உறவே அக்காலத்து வடிவங்களை விளக்க வல்லது. இரண்டாவது: ஒரு படைப்பின் கதைக்குறிப்பை அதன் பிறப்புக் காரணமாகக் கொள்ளுமுன், சொல்லின் ஆண்டையும் இசையின் ஆண்டையும் தனித்தனியே வரையறுத்தல் ஆய்வாளர் கடன். பின்வந்த குறிப்பு பயனற்றதன்று. புதிய இசையைக் கேட்க அஞ்சிய அவையோர்க்கு அது கைவிளக்காயிற்று. விளக்கின் ஒளியில் மனையைக் காணலாம். ஆயின், விளக்கு கொண்டு மனை கட்டப்பட்டது எனல் பொருந்தாது.