வேகமாகன்னா 'ஃபாஸ்ட்லி'யா? புயல் அறிக்கையை வச்சே இங்கிலீஷ் கத்துக்கலாம் வாங்க!

ஏர்வாடி கடற்கரையில் நாட்டுப்படகு வைத்திருக்கும் ஒரு வீடு. நவம்பர் மாதம். வாட்ஸ்அப்பில் ஆங்கிலத்தில் வானிலை அறிக்கை வருகிறது. கல்லூரியில் படிக்கும் மகன் அதைப் பார்த்துவிட்டு, "வாப்பா, புயல் வேகமா வருதாம்" என்கிறார். அறிக்கையில் இருந்த வார்த்தைகளோ 'ரேப்பிட்லி இன்டென்சிஃபை'. அப்படின்னா புயல் வேகமாக வருகிறது என்று அர்த்தம் இல்லை. வேகமாக வலுவடைகிறது என்று அர்த்தம். நின்ற இடத்திலேயே நின்றுகொண்டுகூட ஒரு புயல் வலுவடையலாம்.

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இந்தக் குழப்பம் நிஜம். புயல் நேரத்தில் செய்தி அறையில் அறிக்கையை மொழிபெயர்க்கும்போது எங்களுக்கே ஒரு நிமிடம் தடுமாறும். வேகத்தைச் சொல்லும் சொல் எந்த வினையோடு ஒட்டுகிறது என்பதுதான் இங்கே எல்லாமே. 'ரேப்பிட்லி' ஒட்டுவது வருவதோடு இல்லை, வலுவடைவதோடு.

வானிலைக்காரர்கள் இந்தச் சொல்லைச் சும்மா போடுவதும் இல்லை. 24 மணி நேரத்தில் காற்றின் வேகம் 30 நாட், அதாவது மணிக்குச் சுமார் 55 கிலோமீட்டர் கூடினால்தான் அதை 'ரேப்பிட் இன்டென்சிஃபிகேஷன்' என்பார்கள். 2017-ல் ஒக்கி நினைவிருக்கும். நவம்பர் 29 அன்று காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் 30-ம் தேதி காலையிலேயே குமரிக் கடலில் புயலாகிவிட்டது. அதற்குள் ஆழ்கடலுக்குப் போயிருந்த குமரி, கேரள மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை.

'ஃபாஸ்ட்லி' ஏன் தப்பு?

தமிழில் 'வேகம்' என்ற பெயரோடு 'ஆக' சேர்த்தால் 'வேகமாக'. மெதுவாக, அமைதியாக, அழகாக என்று எல்லாவற்றுக்கும் அதே 'ஆக'தான். அதனால் ஆங்கிலத்தின் 'லி'யையும் நம்ம 'ஆக' மாதிரி நினைத்து எல்லாவற்றிலும் ஒட்டிவிடுகிறோம். ஸ்லோ - ஸ்லோலி, குயிக் - குயிக்லி, ரேப்பிட் - ரேப்பிட்லி வரைக்கும் சரி. 'ஃபாஸ்ட்' மட்டும் இதற்கு ஒத்துக்காது. பெயரடையாக வந்தாலும் வினையடையாக வந்தாலும் அது 'ஃபாஸ்ட்'தான். 'எ ஃபாஸ்ட் போட்' என்றால் வேகமான படகு. 'தி போட் வென்ட் ஃபாஸ்ட்' என்றால் படகு வேகமாகப் போனது. இன்னும் வேகமாக என்றால் 'ஃபாஸ்டர்'. 'மோர் ஃபாஸ்ட்லி' எழுதினால் ஒரே இடத்தில் இரண்டு தப்பு.

'ஹார்ட்' கதை இன்னும் மோசம். 'தி விண்ட் ப்ளூ ஹார்ட்' என்றால் காற்று பலமாக வீசியது. நல்லா இருக்கட்டும்னு ஒரு 'லி' சேர்த்து 'ஹார்ட்லி' ஆக்கினால், காற்று வீசவே இல்லை என்கிற மாதிரி அர்த்தம் தலைகீழாகிவிடும். கச்சான் காற்று வெளுத்து வாங்கும் நாளில் இப்படி எழுதினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்க.

எங்கே போடுவது?

தமிழில் வினை கடைசியில் வரும், வினையடை அதற்கு முன்னால் நிற்கும். 'இன்ஜினை வேகமாகச் சரிசெய்தார்.' இதே வரிசை மனசுக்குள் ஓடுவதால் 'ஹி குயிக்லி தி இன்ஜின்' என்று ஆரம்பித்து நடுவில் திணறுபவர்கள் உண்டு. 'ஹி ரிப்பேர்ட் குயிக்லி தி இன்ஜின்' என்று எழுதுபவர்கள் அதைவிட அதிகம். ஆங்கிலத்தில் வினைக்கும் செயப்படுபொருளுக்கும் நடுவே வினையடையைச் செருகக் கூடாது. 'ஹி ரிப்பேர்ட் தி இன்ஜின் குயிக்லி' என்று கடைசியில் போடுங்க. வினைக்கு முன்னால் 'ஹி குயிக்லி ரிப்பேர்ட் தி இன்ஜின்' என்பதும் சரியே. ஆனால் 'ஃபாஸ்ட்' இப்படி முன்னால் வராது. 'தி போட் ஃபாஸ்ட் வென்ட்' என்று யாரும் சொல்வதில்லை.

'சீக்கிரம்' என்றால் எது?

உயிர் போகிற குழப்பம் இதுதான். 'சீக்கிரம் வா' என்றால் தாமதிக்காமல் வா என்றும் அர்த்தம், வேகமாக வா என்றும் அர்த்தம். ஆங்கிலத்தில் இவை தனித்தனி. 'சூன்' என்றால் இன்னும் கொஞ்ச நேரத்தில். 'குயிக்லி' என்றால் ஒரு வேலையைக் குறைந்த நேரத்தில் முடிப்பது. 'ஃபாஸ்ட்' என்றால் ஓடும் வேகம். கடலில் இருக்கும் மீனவர்களுக்கான எச்சரிக்கையில் 'இமீடியட்லி' என்று இருந்தால், 'உடனே' என்றுதான் எழுத வேண்டும். அதை 'விரைவில் கரை திரும்பவும்' என்று மாற்றினால், வலையை இழுத்துவிட்டு மெதுவாக வரலாம் போல என்று ஒருவர் நினைத்துவிடலாம். 'விரைவில்', 'விரைவாக' இரண்டுக்கும் நடுவில் ஓர் உருபுதான் வித்தியாசம். பி.ஏ. தமிழ் படித்தபோது இலக்கண வகுப்பில் தூங்கியதற்கு இப்போதுதான் வருத்தப்படுகிறேன்.

எண்ணோடு சொல்லும்போது

'மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில்' என்பதில் இருக்கும் 'இல்' நம்மை 'இன்' போட வைக்கும். 'இன் 50 கிலோமீட்டர் ஸ்பீட்' தப்பு. 'அட் எ ஸ்பீட் ஆஃப்' என்பதே இலக்கணப் புத்தகம் சொல்வது. நம் வானிலை அறிக்கைகளில் 'வித் எ ஸ்பீட் ஆஃப்' என்று அடிக்கடி வரும். அது துறையின் பழக்கம், தேர்வில் 'அட்' எழுதுங்க.

இன்னொன்று, 'கஸ்டிங் டு'. 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று நடுநடுவே திடீரென 65-க்கு எகிறுவதை ஆங்கிலத்தில் அப்படிச் சொல்வார்கள். தமிழ் அறிக்கையில் அதற்கு 'இடையிடையே' என்று ஒரு வினையடை இருக்கும். அருமையான மொழிபெயர்ப்பு. யார் முதலில் எழுதினாரோ, அவருக்கு ஒரு சலாம்.

புரெவி நின்ற கதை

2020 டிசம்பர் 2 இரவு இலங்கையில் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்த புரெவி, அடுத்த நாள் மன்னார் வளைகுடாவுக்குள் வந்தது. பாம்பனுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே கரையைக் கடக்கும் என்று எல்லோரும் காத்திருந்தோம். அதுவோ ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக வலுவிழந்து, ராமநாதபுரம் கடற்கரைக்குப் பக்கத்திலேயே நகராமல் நின்றது. கரையைக் கடக்காமல் கடலிலேயே கரைந்தும் போனது. அறிக்கையில் வந்த சொல் 'ப்ராக்டிகலி ஸ்டேஷனரி'. இதில் 'ப்ராக்டிகலி' என்றால் 'நடைமுறையில்' இல்லை, 'கிட்டத்தட்ட' என்று அர்த்தம். 'ஸ்டேஷனரி' பெயரடை என்பதால் 'ரிமெய்ன்ட்' என்ற வினைக்குப் பின்னால் 'லி' இல்லாமல் வருகிறது. 'பிகேம்' வினையும் அப்படித்தான், 'தி ஸ்டார்ம் பிகேம் ஸ்லோ' சரி, 'பிகேம் ஸ்லோலி' தப்பு.

அப்போ கிழக்குக் கடற்கரைச் சாலையில் 'கோ ஸ்லோ' என்று போர்டு வைத்திருக்கிறார்களே, அது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை. 'ஸ்லோ' என்பதை 'லி' இல்லாமலே வினையடையாகப் பயன்படுத்தும் பழைய வழக்கம் ஆங்கிலத்தில் உண்டு. சாலைப் பலகையிலும் பேச்சிலும் ஓகே, பரீட்சைப் பேப்பரில் மட்டும் 'ஸ்லோலி' போட்டுடுங்க.