மரக்குடிசையும் தங்கக் கரண்டியும்

1787இல் வரையப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பு, அதிபரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடம் நேரடியாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு மாநிலமும் நியமிக்கும் தேர்வாளர்களே அதிபருக்கு வாக்களித்தார்கள். அவர்களை நியமிக்கும் முறையை மாநிலச் சட்டமன்றங்களே வகுத்துக்கொள்ளலாம் என்பதால், பல மாநிலங்களில் சட்டமன்றமே அந்த வேலையைச் செய்துவிட்டது. சொத்து இல்லாதவருக்குப் பெரும்பாலான மாநிலங்களில் வாக்குரிமையும் இல்லை. வேட்பாளர் யார் என்பதைக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலைநகரில் கூடி முடிவு செய்தார்கள். முதல் ஆறு அதிபர்களும் வர்ஜீனியா, மாசசூசெட்ஸ் என்ற இரண்டே மாநிலங்களைச் சேர்ந்தவர்கள்.

இந்த ஏற்பாட்டை மாற்றியது மேற்கு நோக்கிய குடியேற்றம். புதிதாகச் சேர்ந்த மேற்கு மாநிலங்களில் சொத்துத் தகுதி பெயரளவில் இருந்தது, அல்லது இல்லவே இல்லை. பழைய மாநிலங்களும் ஒவ்வொன்றாக அதைக் கைவிட்டன. 1824இல் மொத்தம் 24 மாநிலங்கள். அவற்றில் ஆறில் மட்டுமே சட்டமன்றம் தேர்வாளர்களை நியமித்தது. 1832க்குள் தென் கரோலினா ஒன்றுதான் மிச்சம்.

1824 தேர்தலில் பழைய முறையும் புதிய வாக்காளர்களும் மோதிக்கொண்டார்கள். நாடாளுமன்ற உறுப்பினர்களின் கூட்டம் வில்லியம் கிராஃபோர்டை வேட்பாளராக அறிவித்தது. மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள்கூட வராததால் அந்த அறிவிப்பை யாரும் பொருட்படுத்தவில்லை. தேர்வாளர் வாக்குகளில் ஆண்ட்ரூ ஜாக்சனுக்கு 99, ஜான் குவின்சி ஆடம்ஸுக்கு 84, கிராஃபோர்டுக்கு 41, ஹென்றி கிளேவுக்கு 37. யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காததால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. 1825 பிப்ரவரி 9 அன்று, கிளேயின் ஆதரவுடன் ஆடம்ஸ் வென்றார். சில நாட்களில் கிளே வெளியுறவு அமைச்சராக அறிவிக்கப்பட்டார். மக்கள் தேர்ந்தெடுத்தவரைப் பேரம் பேசி வீழ்த்திவிட்டார்கள் என்ற முழக்கம் அன்றே தொடங்கியது. நான்கு ஆண்டுகள் ஓயவில்லை.

ஜாக்சன் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தவர். 1815இல் நியூ ஆர்லியன்ஸில் பிரிட்டிஷ் படையை முறியடித்த தளபதி. டென்னசியில் அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவித்த பெரிய பண்ணை முதலாளியும் அவரே. 1828 தேர்தல் பிரச்சாரத்தில் முதல் இரண்டு செய்திகளே பேசப்பட்டன. உறுதியான ஹிக்கரி மரத்தின் பெயரால் படைவீரர்கள் அவரை அழைத்திருந்தார்கள். ஆதரவாளர்கள் ஊர்ச் சதுக்கங்களில் ஹிக்கரிக் கம்பங்களை நட்டார்கள். நியூயார்க்கின் மார்ட்டின் வான் பியூரன் மாநிலத் தலைவர்களை ஒரே அணியில் கோத்தார். கட்சிப் பத்திரிகைகள், பேரணிகள், விருந்துகள் என்று பிரச்சாரம் ஊர் ஊராகப் போனது. எதிரணியோ, ஜாக்சனின் ஆணையால் மரண தண்டனை பெற்ற வீரர்களைச் சவப்பெட்டிகளாக வரைந்து துண்டறிக்கை அச்சிட்டது. அவர் மனைவியின் திருமணத்தைப் பற்றியும் அவதூறு பரப்பியது. 1824இல் சுமார் 3.6 லட்சமாக இருந்த வாக்குகள் 1828இல் 11 லட்சத்தைத் தாண்டின. ஜாக்சன் 178 தேர்வாளர் வாக்குகளுடன் வென்றார்; ஆடம்ஸுக்கு 83.

1829 மார்ச் 4 அன்று பதவியேற்பு முடிந்ததும் கூட்டம் வெள்ளை மாளிகைக்குள் புகுந்தது. சேற்றுக் காலணிகளோடு பட்டு நாற்காலிகள் மேல் ஏறி நின்று புதிய அதிபரைப் பார்த்தார்கள். பீங்கான் பாத்திரங்கள் நொறுங்கின. நெரிசலிலிருந்து ஜாக்சனை வெளியே கொண்டுபோக வேண்டியிருந்தது. மது நிறைந்த தொட்டிகளைப் புல்வெளிக்குத் தூக்கிச் சென்ற பிறகே கூட்டம் வெளியேறியது.

ஆட்சியிலும் 'மக்கள்' என்ற சொல்லே அவருக்கு ஆயுதம். அரசுப் பதவிகள் யாருக்கும் நிரந்தரமல்ல என்று சொல்லித் தன் ஆதரவாளர்களை அவற்றில் அமர்த்தினார். 1832 ஜூலையில் அமெரிக்க வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் மசோதாவைத் தடுப்பதிகாரத்தால் நிறுத்தினார். அது பணக்காரர்களுக்கு அளிக்கப்பட்ட சலுகை என்பது அவர் வாதம். அதே ஆண்டு அவருடைய கட்சியின் மாநாடு பால்டிமோரில் கூடி, வேட்பாளரை அறிவிக்கும் புதிய முறையைப் பின்பற்றியது.

அந்த 'மக்களுக்கு' எல்லை இருந்தது. நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்களுக்கு இருந்த வாக்குரிமை 1807இலேயே பறிபோனது. நியூயார்க் 1821இல் வெள்ளையர்களுக்குச் சொத்துத் தகுதியைத் தளர்த்தியபோது, கறுப்பின ஆண்களுக்கு 250 டாலர் சொத்து வேண்டும் என்று விதித்தது. 1830இல் ஜாக்சன் கையெழுத்திட்ட வெளியேற்றச் சட்டத்தின் வழியே பூர்வகுடிகள் மிசிசிப்பிக்கு மேற்கே துரத்தப்பட்டார்கள். 1838-39இல் செரோக்கி மக்களில் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பயணத்தில் மாண்டார்கள்.

ஜாக்சனின் எதிரிகள் விக் கட்சியாகத் திரண்டு, 1840இல் அவருடைய உத்தியையே கையில் எடுத்தார்கள். அவர்களுடைய வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு ஒரு மரக்குடிசையும் ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் போதும் என்று எதிரணிப் பத்திரிகை ஒன்று நக்கலடித்தது. விக் கட்சி அதையே சின்னமாக்கி, ஊர்வலங்களில் மரக்குடிசைகளை வண்டியேற்றி இழுத்து, வந்தவர்களுக்கு மது ஊற்றியது. அதிபர் வான் பியூரன் வெள்ளை மாளிகையில் தங்கக் கரண்டியால் சாப்பிடுகிறார் என்று அக்கட்சி உறுப்பினர் ஒருவர் சபையிலேயே பேசினார். உண்மையில் ஹாரிசன், வர்ஜீனியா ஆளுநராக இருந்த பண்ணையாரின் மகன். வான் பியூரன் சத்திரக்காரரின் மகன். 1837 முதல் நீடித்த பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, வாக்குரிமை பெற்றவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வாக்களித்த அந்தத் தேர்தலில் ஹாரிசன் 234 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். வான் பியூரன் 60.