மின்னற்ற ஊரும் கணினியின் நினைவும்

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றது. மின்கலமும் தடைப்பொருட் பட்டியலிற் சேர்ந்தது. சாவகச்சேரி மக்கள் சைக்கிட் சில்லைச் சுழற்றித் தைனமோவின் வலுவில் வானொலி கேட்டனர். மின்சாரம் அறுந்த கணமே தன்னிடம் உள்ள அனைத்தையும் மறந்துவிடும் ஒரு பொருள், உலகெங்கும் மேசைக் கணினிகளுள் பெருகியதும் அதே காலத்திலேதான். கடைகளில் ‘றாம்’ என வழங்கும் நினைவகமே அது. மறதியகம் எனினும் தவறன்று.

ஆதியில் நிலை இவ்வாறு இருக்கவில்லை. 1953இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தார், ‘வேள்விண்ட்’ என்னும் கணினியிலிருந்த நினைவுக் குழாய்களை அகற்றி, கம்பியிற் கோத்த நுண்ணிய காந்த வளையங்களைப் பொருத்தினர். கணினியின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நினைவகத்தை மாற்றிக் கணினியை விரைவாக்கிய முயற்சிகளுள் இதுவே தலைசிறந்தது எனலாம். பம்பாயில் 1960இல் இயங்கத் தொடங்கிய ‘ரிஃப்ராக்’ கணினியும் காந்த வளையங்களையே கொண்டது. மின்சாரம் நின்றாலும் அவ்வளையங்கள் மறப்பதில்லை.

ஆயினும் அவை விலை மிக்கவை, இடமும் அடைத்தன. 1966இல் ஐ.பி.எம். நிறுவனத்து றொபேட் டெனாட், ஒரு திரான்சிஸ்ரரும் ஒரு கொள்ளளவியும் கொண்டு ஒரு துணுக்கைத் தேக்கிவைக்கலாம் எனக் கண்டார். 1970இல் இன்ரெல் நிறுவனம் இயக்க நினைவகத்தை 1024 துணுக்குக் கொண்ட சில்லாக விற்றது. மலிவுக்குக் கொடுத்த விலை யாதெனின், தேக்கிய மின்னேற்றம் கசிவதே. இன்றும் ஒவ்வோர் அறையும், வகைக்கேற்ப 32 அல்லது 64 மில்லிசெக்கனுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட வேண்டும்.

2000 மே மாதத்திற் சாவகச்சேரி போர்க்களமாயிற்று. நகரின் பெரும்பகுதி இடிபாடாயிற்று. அவ்வாண்டு நவம்பரில் ‘பென்ரியம் 4’ வெளிவந்தது. அதனுடன் ‘றம்பஸ்’ நினைவகத்தையே வாங்கவேண்டியிருந்தது. அதன் விலையோ பழைய நினைவகத்தின் விலையிற் பன்மடங்கு. பல வேலைகளிற் கண்ட பயனோ சொற்பம். அடுத்த ஆண்டே இன்ரெல் மலிவான நினைவகத்துக்கும் இடந்தந்தது. 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தபோது, அவ்வழக்கு உலகச் சந்தையில் ஏறக்குறையத் தீர்ந்திருந்தது. போரின் இழப்புக்கு இது ஈடாகாது. எனினும் இவ்வொரு வீண்செலவு குடாநாட்டாரை அதிகம் தீண்டவில்லை.

விற்பனையாளர் சொல்லும் வேகத்தைப் பகுத்து நோக்கல் வேண்டும். 133 மெகாஹேட்ஸ் வேகத்துப் பழைய நினைவகம், இரண்டு துடிப்பிற் பதிலிறுத்தால் அக்காலம் 15 நனோசெக்கன். டி.டி.ஆர்.4 வகையில் 3200 என்று குறித்தது 16 துடிப்பிற் பதில் தருமாயின் அது 10 நனோசெக்கன். டி.டி.ஆர்.5 வகையில் 6000 என்று குறித்தது 30 துடிப்பு எடுத்துக்கொண்டால், அதுவும் 10 நனோசெக்கனே! பெருகியது செக்கனுக்கு அள்ளிக்கொடுக்கும் அளவு: ஏறத்தாழ ஒரு கிகாபைற்றிலிருந்து 25.6க்கும், பின்பு 48க்கும் அது உயர்ந்தது. முதற்பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் அவ்வாறு குறையவில்லை. ஆகவே கொள்ளளவு போதாத கணினிக்கு வேகமிக்க நினைவகம் பெரிதும் உதவாது. இடம் போதாதபோது அது வட்டை நாடும், வட்டோ பன்மடங்கு மந்தமானது. ஒரே பலகையாக 16 கிகாபைற்று வாங்குவதிலும், எட்டெட்டாக இரண்டு வாங்கி இரு தடத்திற் பொருத்துவது பெரும்பாலும் நன்று. தாய்ப்பலகையின் அமைப்பில் உரிய வேகத்தைத் தெரிவுசெய்யாவிடின், அதிக விலை கொடுத்த பலகையும் சாதாரண வேகத்திலேயே ஓடும்.

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. அந்நாட்களிற் கணினியில் வேலைசெய்தோருக்கு, வேகமான நினைவகத்தினும் சில நிமிடம் மின்னைத் தாங்கிநிற்கும் மின்கலப் பெட்டியே அவசியமாயிற்று. எழுதிய கடிதத்தை வட்டிற் சேமிக்க அந்தச் சில நிமிடம் போதும்.