பிசாசு அரைத்த கம்பளி

போகிக்கு வீட்டை ஒழிக்கும்போது எதை வேண்டுமானாலும் தூக்கிப் போட்டுவிடலாம். துணியை மட்டும் அவ்வளவு சுலபத்தில் கழித்துவிட முடியாது! வேட்டி கிழிந்தால் துண்டு. துண்டு நைந்தால் அடுப்படியில் கரித்துணி. அதுவும் போனால் சைக்கிள் துடைக்க. பழைய புடவைகளை மூட்டை கட்டிப் போட்டு, பேரம் பேசி ஒரு எவர்சில்வர் தூக்கு வாங்கிவிடுவார்கள் வீட்டுப் பெண்கள். சரி, பழந்துணி மூட்டைகள் அப்புறம் எங்கே போகும் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா?

பழந்துணிக்கென்று தனியாக ஒரு சரித்திரமே இருக்கிறது. அதில் நெப்போலியன் வருகிறார், அமெரிக்க உள்நாட்டுப் போர் வருகிறது, நம்ம பானிபட்டும் வருகிறது.

1813-ம் வருஷம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பேட்லி என்று ஒரு சின்ன ஊர். கம்பளி நெசவுதான் பிழைப்பு. நெப்போலியனோடு வருஷக்கணக்காக யுத்தம் நடந்ததில் வெளிநாட்டுக் கம்பளி வருவது தடைப்பட்டு, விலை எகிறிக் கிடந்தது. கச்சாப் பொருள் இல்லாமல் என்ன தொழில் பண்ணுவது? அங்கே பெஞ்சமின் லா என்ற துணி உற்பத்தியாளர் லண்டனுக்குப் போயிருந்தபோது, குதிரைச் சேணத்துக்குள் அடைப்பதற்காகப் பழைய கம்பளித் துணியைப் பிய்த்துப் பஞ்சாக்கி வைத்திருந்ததைப் பார்த்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். சேணத்துக்குள் போகிற பஞ்சு தறிக்குப் போகாதா என்பதுதான் அவருக்கு வந்த யோசனை.

சும்மா நூற்றால் அறுந்து அறுந்து விழுந்தது. பிய்த்த கம்பளியில் இழை குட்டையாகத்தானே இருக்கும்? கொஞ்சம் புதுக் கம்பளியைக் கலந்து நூற்றுப் பார்த்தார். நின்றது! அந்தத் துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர். (இந்திக்காரர்களின் கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

துணியைப் பிய்க்க ஓர் இயந்திரம். உருளை முழுக்க இரும்புப் பற்கள். அதற்குத் தொழிலாளர்கள் சூட்டிய பெயர், பிசாசு. ஒரு பக்கம் பழைய கோட்டைத் திணித்தால் மறுபக்கம் பஞ்சாகக் கக்கும். கூடவே, மூச்சு முட்டுகிற தூசியும்.

ஐம்பதே வருஷத்தில் பேட்லியும் பக்கத்து ஊரான டியூஸ்பரியும் உலகத்தின் குப்பைத்தொட்டி ஆகிவிட்டன... தங்கம் விளைகிற குப்பைத்தொட்டி! ஐரோப்பா முழுவதிலிருந்தும் மூட்டை மூட்டையாகக் கந்தல் வந்து இறங்கியது. டியூஸ்பரியில் கந்தலை ஏலம் விட்டார்கள். கணக்குப் பாருங்கள்... மற்றவர்கள் வேண்டாம் என்று கழித்ததுதான் இவர்களுக்கு முதல் சரக்கு. புதுக் கம்பளியை வாங்க வக்கில்லாத கூலிக்காரனுக்கும் குளிருக்கு ஒரு கோட்டு கிடைத்தது. இது சாதாரண விஷயமில்லை.

ஆனால், அந்த மூட்டையைப் பிரித்தது யார்? பெண்கள். பொத்தானை அறுத்து, தையலைப் பிரித்து, நிறம்வாரியாகக் கந்தலைப் பிரிப்பது அவர்கள் வேலை. யாருடைய வியர்வையோ, யாருடைய வியாதியோ! கந்தலோடு பெரியம்மை வரும், முதலில் வாரிக்கொள்வது அந்தப் பெண்களைத்தான் என்று 1867-ல் வெளிவந்த ‘மூலதன’த்தில் கார்ல் மார்க்ஸ் எழுதியிருக்கிறார். பிசாசுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு வந்த இருமலுக்கும் காய்ச்சலுக்கும் ‘ஷாடி ஜுரம்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

1861-ல் அமெரிக்காவில் வடக்குக்கும் தெற்குக்கும் சண்டை மூண்டது. வடக்கில் திடீரென்று ஆயிரமாயிரம் பேருக்கு யூனிஃபார்ம் வேண்டும். கான்ட்ராக்டர்களுக்குக் கொண்டாட்டம்! நியூயார்க்கின் பிரபல தையல் நிறுவனமான புரூக்ஸ் பிரதர்ஸ் தைத்துக் கொடுத்த பன்னிரண்டாயிரம் உடுப்புகளின் லட்சணம் சந்தி சிரித்தது. ஷாடிக் கழிவை அழுத்தித் துணி மாதிரி ஆக்கியிருந்தார்கள். மழையில் நனைந்ததும் சிப்பாயின் உடம்பிலேயே பிரிந்து தொங்க ஆரம்பித்துவிட்டது. அதற்கப்புறம் ஆங்கிலத்தில் ‘ஷாடி’ என்றால் மட்டம், போலி, ஏமாற்று வேலை என்று அர்த்தமாகிப்போனது. என்னைக் கேட்டால் இது அநியாயம். கொள்ளையடித்தது கான்ட்ராக்டர். அகராதியில் தண்டனை துணிக்கு!

செயற்கை இழைகள் வந்த பிறகு பேட்லியின் பிசாசுகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தொழில் இத்தாலியின் பிராட்டோ நகரில் கொடிகட்டிப் பறந்தது. பிறகு அது வந்து சேர்ந்த ஊர்தான் ஹரியானாவில் இருக்கும் பானிபட். 1526, 1556, 1761 என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதே பானிபட்! 1947 பிரிவினையில் எல்லை தாண்டி வந்த நெசவாளிகள் குடியேறி வளர்த்த ஊர் அது. 1990-களில் மேலை நாடுகளின் பழைய கம்பளி உடைகள் குஜராத்தின் காண்ட்லா துறைமுகம் வழியாக அங்கே குவிந்தன.

அங்கும் பெண்கள்தான். நம் அரிவாள்மணை மாதிரி நிமிர்ந்து நிற்கும் கத்திக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, லண்டன் கோட்டையும் நியூயார்க் ஸ்வெட்டரையும் கீறுகிறார்கள். பொத்தான், ஜிப் தனி. பிறகு கறுப்பு ஒரு மலை, சிவப்பு ஒரு மலை, நீலம் ஒரு மலை. ஏன் தெரியுமா? நிறம்வாரியாகப் பிரித்துவிட்டால் மறுபடி சாயம் போட வேண்டாம். சாயத்துக்கான தண்ணீரும் மிச்சம், காசும் மிச்சம். அப்படி நெய்த போர்வைகள் நிலநடுக்கம், வெள்ளம் என்று எங்கே ஜனங்கள் வீடிழந்து நின்றாலும் நிவாரண லாரியில் ஏறின. அப்புறம் பாலியெஸ்டர் ஃப்ளீஸ் வந்தது. மெத்தென்று இருக்கும், விலையும் மலிவு. 2010-களில் பானிபட்டிலேயே பல ஆலைகள் அதற்கு மாறிவிட்டன.

அந்தப் பெண்களைப் பற்றி 2012-ல் மேக்னா குப்தா ‘அன்ராவல்’ என்று ஒரு சின்ன ஆவணப்படம் எடுத்தார். கிழிசலே இல்லாத உடைகளை எதற்குத் தூக்கிப் போடுகிறார்கள் என்பது அவர்களுக்குப் புரியாத புதிர். தங்களுக்குள்ளேயே ஒரு பதிலும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்களில் தண்ணீருக்கு அவ்வளவு விலையாம். துவைத்துக் கட்டுப்படியாகாமல் போட்டுவிடுகிறார்களாம், பாவம்!