பேசாம சாப்பிடு!

எங்க அபார்ட்மென்ட்ல நாலு பேரு. சமையலுக்கு முறை வச்சிருக்கோம். வியாழக்கிழமை நம்ம முறை. அன்னிக்கு மட்டும் மத்த மூணு பேருக்கும் லைப்ரரியில அவசர வேலை வந்துடும் :-) சமையல் சரியில்லேன்னா ஆளு தங்க மாட்டான்ங்கறதை, நான் படிக்கிற இந்த மினசோட்டாவோட மரக் கம்பெனிக்காரங்க நூறு வருஷத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

இங்கே கிராண்ட் ராப்பிட்ஸ்ங்கற ஊர்ல, 1900 வாக்கில் இருந்த மரவெட்டி முகாம் ஒண்ணை மறுபடி கட்டி வச்சிருக்காங்க. மரம் வெட்டுறது அப்போ குளிர்கால வேலை. பாதையில தண்ணி ஊத்தி உறைய வச்சு, அது மேல ஸ்லெட்ஜ்ல கட்டைகளை இழுப்பாங்க. வசந்தத்துல பனி உருகினதும் ஆத்துல மிதக்க விட்டு மில்லுக்கு அனுப்புவாங்க. ஆக, ஒரு குளிர்காலம் முழுக்கக் காட்டுக்குள்ளதான் வாசம்.

பொழுது விடியறதுக்கு ரொம்ப முன்னாடியே சமையல்காரர் எழுந்துடுவார். அவருக்கு எடுபிடிகள் உண்டு, பேரு 'குக்கீ' (பிஸ்கட் இல்லீங்க!). நீளமான தகரக் குழலை ஊதினா சாப்பாடு ரெடின்னு அர்த்தம். உப்புப் பன்றிக்கறி, பீன்ஸ், ரொட்டி, அடுக்கடுக்கா பான்கேக், வெல்லப்பாகு மாதிரி மொலாசஸ், உலர்ந்த ஆப்பிள்ல செஞ்ச பை, டோனட், கடுந்தேநீர். சில முகாம்கள்ல குழி வெட்டி, நெருப்புக் கங்குக்கு நடுவுல பீன்ஸ் பானையைப் புதைச்சு ராத்திரி பூரா வேக விடுவாங்க. வேலை நடக்கிற இடம் தூரம்னா மதியச் சாப்பாடு ஸ்லெட்ஜ்ல அங்கேயே போயிடும்.

ஒரே ஒரு சட்டம்: மேஜையில பேசக்கூடாது. எதையாவது நகர்த்தித் தரச் சொல்றதுக்கு மட்டும் வாயைத் திறக்கலாம். பேச்சு வளர்ந்தா சண்டை, சண்டைன்னா நேரம் போச்சு, பாத்திரம் கழுவறது யாரு?

இவ்வளவு தாராளம் எதுக்கு? கூலி ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 1 டாலர்தான். சாப்பாடு பிடிக்கலைன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டு அடுத்த முகாமுக்கு நடந்துடுவாங்க. அதனால நல்ல சமையல்காரருக்கு மரவெட்டியை விடச் சம்பளம் அதிகம். ஆனா படுக்கிற கொட்டகை வேற கதை. அடுக்குக் கட்டில்ல நெருக்கியடிச்சுப் படுக்கணும், குளிக்க வழியில்லை, பேன் தொல்லை, அடுப்பைச் சுத்தி ஈரக் காலுறை நாத்தம். வயித்துக்குப் போட்டாச்சு, மத்ததெல்லாம் எதுக்குன்னு முதலாளிங்க நினைச்சிருக்காங்க.

அந்தக் கணக்கு 1916 டிசம்பர் கடைசியில் தப்பாச்சு. வர்ஜீனியாங்கற ஊர்ல (இதுவும் மினசோட்டாதான்) மில் தொழிலாளிங்க வேலையை நிறுத்தினாங்க. ஜனவரி பொறந்ததும் காட்டுல இருந்து மரவெட்டிகளும் சேர்ந்துக்கிட்டாங்க. கூலி உயர்வும் சுகாதாரமான தங்குமிடமும் கேட்டாங்க. தலைவர்களைக் கைது பண்ணி, சில வாரத்துல ஸ்ட்ரைக்கை முறிச்சுட்டாங்க. 1917 ஏப்ரல்ல இந்த மாதிரி சங்கங்களை ஒடுக்க மாநிலம் தனிச் சட்டமே போட்டுச்சு.

வயிறார சோறு போட்டது நிஜம்தான். ஆனா அதுக்காக வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு மேஜைக்கு வெளியில யாரும் ஒத்துக்கலையே!

சரி மக்களே, நாளைக்கு வியாழன். பீன்ஸ் ஊற வச்சிருக்கேன். பேசாம சாப்பிடணும்னு சட்டம் போட்டுப் பார்க்கப் போறேன் :-)